ஒரு பைக்கு ஒரு முழம்

கடிதம் எழுதிய சனிக்கிழமை காலை அந்த வீட்டுக்குள் நாலு பேர் இருந்தார்கள். பஸ்ரியன் யன்னலோரச் சாய்வுக் கதிரையில்; அவருடைய வயிற்றிலிருந்து வந்த குழாய் காலடிப் பைக்குள் வடிந்துகொண்டிருந்தது. மனைவி அன்ரோனெற் மேசையில், பேனையோடு. கிராம சேவகர் பர்ஸானா வாசலோரக் கதிரையில். அன்ரோனெற்றின் தம்பி ஜஸ்ரின் டயலிசிஸ் பைப் பெட்டிகளுக்கு மேல் குந்தப்போய், "அதில இராதை, ஒன்பது நாளுக்குத்தான் பை கிடக்கு" என்று அக்காவிடம் பேச்சு வாங்கி, நிலத்தில் இருந்தான். வீடு அப்போது, தலைமன்னாரில் கட்டப்பட்ட இடத்திலிருந்து இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது முழம் கிழக்கே நின்றது.

பஸ்ரியனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் வீட்டிலேயே பை மாற்றப் பழக்கி அனுப்பினார்கள். இரண்டு லீற்றர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதிது விடவேணும். நாளுக்கு நாலு தரம். ஒவ்வொரு தரமும் பழைய தண்ணீர் வடிந்து முடிய, வீடு மன்னார்ப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. முதல் மாதம், கிணறு தூரப் போவதைத்தான் அன்ரோனெற் கவனித்தாள். பிறகு மின்சாரக்காரர் வயரை நீட்டிக் கொடுத்தார்கள். அயலவர்கள் வேலியைக் கழற்றி, வீடு போனபின் திரும்ப அடைத்தார்கள். ரெயில் சாரதிகள் கோர்ன் அடித்துக் கைகாட்டினார்கள். இப்படியே போனால் மன்னார் ஆஸ்பத்திரி வாசலுக்கு நாற்பத்திரண்டு வருஷம் செல்லும் என்று அன்ரோனெற் கொப்பியில் பார்த்துச் சொல்ல, ஐம்பத்தெட்டு வயதுப் பஸ்ரியன், "அப்ப நூறு வயதில கிளினிக்குக்கு பஸ் எடுக்கத் தேவையில்லை" என்றார்.

பைகளுக்கும், தொங்கவிடும் கம்பிக்கும், தண்ணீர் சூடாக்கும் பெட்டிக்கும் மீனவர் சங்கம் எடுத்துக் கொடுத்த காப்புறுதிதான் செலவு கட்டியது. மாசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது: உபகரணங்கள் பதிவுசெய்த விலாசத்தில் பாவிக்கப்படவில்லை, இனிமேல் பில் ஏற்கப்படமாட்டாது. பிழை அன்ரோனெற்றுடையதுதான். பள்ளிக்கூடத்தில் தனக்குப் படிப்பித்தபடி, ஒவ்வொரு பில்லோடும் அந்த மாதம் வீடு நின்ற இடத்தை முழக்கணக்கில் எழுதி, கோடும் கீறி அனுப்பியிருந்தாள். பர்ஸானாவுக்கும் வதிவிட உறுதிக் கடிதம் கொடுக்க வழியில்லை. போன பெரிய வெள்ளியோடு வீடு அவருடைய பிரிவைத் தாண்டியிருந்தது. "உங்கட குசினி மட்டுமெண்டாலும் என்ர பக்கம் நிண்டிருந்தால் எழுதியிருப்பன் அக்கா" என்றார். அடுத்த பிரிவுக்காரரோ, அப்படியொரு வீடு தன்னுடைய பதிவில் இல்லை என்றார்.

ஜஸ்ரின் தன்னுடைய வள்ளத்து நங்கூரத்தைக் கொண்டுவந்து வீட்டை இழுத்துக் கட்டினான். வீடு நின்றது. பஸ்ரியனின் வயிற்றுத் தண்ணீரும் நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. பின்னேரம் வயிறு இறுகி மூச்சு முட்டியது. "அவிழ்க்காதை, பில்லு முக்கியம்" என்றவரை, "சும்மா இருங்கோ" என்று அதட்டிவிட்டு, அன்ரோனெற் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். பை நிரம்பியது. வீடு ஒரு முழம் போனது.

ஜஸ்ரினுக்குக் கயிறு போன கவலை. "என்ர வள்ளம் நடுக்கடலில நிண்டாலும் இதே கொம்பனிதான் காப்புறுதி. எங்க நிக்குதெண்டு ஒருநாளும் கேட்டதில்லை. அத்தான்ர வீட்டில மட்டும் என்ன கண்?"

அன்ரோனெற் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்ரா கேக்கிறதில்லை?"

"வள்ளத்துக்கு எங்க அக்கா விலாசம்? இலக்கந்தானே."

வீட்டையும் வள்ளம்போல ஒரு கலமாகப் பதியவேணும் என்று அன்ரோனெற் கேட்க, மறுநாள் கடற்றொழில் பரிசோதகர் நாடாவோடு வந்து, வீட்டின் நீள அகலம் அளந்து, இயந்திரம் இல்லை, பதிவு தலைமன்னார் என்று எழுதி, ஒரு இலக்கம் கொடுத்தார். ஜஸ்ரின் அதை முன்சுவரில் நீலப் பெயின்ரால் எழுதினான்.

அதனால் கொம்பனிக்கு எழுதிய சனிக்கிழமைக் கடிதத்தில், விலாசம் என்ற இடத்தில் அன்ரோனெற் இலக்கத்தை எழுதினாள். நோயாளி கலத்திலேயே வசிக்கிறார், உபகரணங்கள் கலத்தைவிட்டு இறங்குவதில்லை என்றும் எழுதினாள். சாட்சிக்குப் பிரிவு எல்லை கிடையாது என்று பர்ஸானா ஒப்பம் வைத்தார். கலத்தின் பெயர் என்ற கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"அன்ரோனெற் எண்டு போடு" என்றார் பஸ்ரியன்.

"வெக்கங்கெட்ட மனுசன்" என்றாள். ஆனாலும் வடிவான எழுத்தில் எழுதினாள்.

பை வடிந்து முடிந்தது. மேசை அசைய, பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்து, அசைவு நின்றபின் திகதி போட்டாள். உறையை மூடி முத்திரை ஒட்டி, ஜஸ்ரினின் கையில் கொடுத்தாள். வாசலடியில் விட்ட சைக்கிள் ஒரு முழம் பின்னால் நின்றது. அவன் அதை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனான்.