ஓடாதவனுக்கு நாற்பத்து மூன்று

1

இந்தக் கதை என் ஆள்காட்டி விரலிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தாவது வந்தது என்று சொல்லத்தான் ஆசை. மற்றவர்களுக்கெல்லாம் மழையிலிருந்தும் ரயில் சன்னலிலிருந்தும் கதை வருகிறது. எனக்கு விரல்தான் வாய்த்தது.

நான் கட்டட வேலையில் கலவை மிஷினைப் பார்த்துக்கொள்பவன். அது சுற்றும், நான் நிற்பேன். சாயங்காலம் அதை நிறுத்திய பிறகும் என் தலைக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். ஆகையால் என் வாக்கியம் நடுவழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதுவாக எழுந்து வரும்.

போன மாதம் வேலைத்தளத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். நாடித்துடிப்பை எண்ண நர்சம்மா என் விரலில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார். பார்த்தார். கழற்றினார். நகத்துக்குள் சிமெண்ட் இருக்கிறது என்று பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். நாற்பத்து மூன்று. மிஷின்மேல் சந்தேகப்பட்டு, பின்னால் நின்ற மேஸ்திரியின் விரலில் மாட்டினார். எண்பத்தொன்று. மேஸ்திரி பரீட்சையில் என்னை ஜெயித்துவிட்டவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நீங்க ஓடுவீங்களா?" என்றார் நர்சம்மா.

"யாரு துரத்துறாங்கம்மா?"

"அது இல்லைங்க. ஓட்டப் பந்தயம், நீச்சல், அந்த மாதிரி ஏதாவது?"

"பஸ்ஸுக்கு ஓடுவேன். அதுவும் போயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிக்கவில்லை. "விளையாட்டுக்காரங்களுக்கு இப்படி இருந்தா நல்ல நெஞ்சுன்னு சொல்லுவோம். உங்களுக்கு இருந்தா என்னன்னு பார்த்துத்தான் சொல்லணும். தலை சுத்துதா?"

சுற்றுகிறது என்று சொன்னால் மிஷின் பக்கம் விடமாட்டார்கள். "இல்லை" என்றேன்.

"எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப் போட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. நான் வரக் கொஞ்சம் தாமதமானாலே என் மனைவி தெருமுனையில் வந்து நிற்பாள். என் நெஞ்சு மெதுவாக அடிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் செத்துச் செத்துப் பிழைப்பாள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வாய்க்குள் கல் கிடப்பது மாதிரி இருந்தது. அதனால் அந்த நாற்பத்து மூன்றைக் கழற்றி வேறொரு ஆளின் நெஞ்சில் மாட்டிவிட்டேன். அவன் கவலைப்படட்டும், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(இந்த ஒன்றாம் பகுதியை மட்டும் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. தனியாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உங்களிடம் காட்டுவதற்குக் காரணம், நீங்கள் என் மனைவிக்குத் தெரிந்தவர் இல்லை.)

2

தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் தொடக்கம்: "அவன் இதயம் படபடவென்று அடித்தது." அடித்துவிட்டேன். அதாவது வரியை. நான் எழுத்துக் கூட்டிப் படித்த எந்தக் கதையை எடுத்தாலும் எவனுக்காவது நெஞ்சு படபடக்கிறது. கடிதம் வந்தால் படபடக்கிறது, கதவு தட்டினால் படபடக்கிறது. என் ஆளுக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "அவன் இதயம்... (கொஞ்சம் பொறுங்கள்)... அடித்தது." இதுவும் வேண்டாம். இந்த வேகத்தில் போனால் கதை முடிவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

மூன்றாம் தொடக்கம்: "ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்காரர் ஒருவர் இருந்தார். நாளெல்லாம் ஏறி இறங்குவதுதான் அவர் தொழில். ஆனால் ஆயுசில் பத்துப் படி சேர்ந்தாற்போல் ஏறியதில்லை."

இது நின்றது. முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் மனிதர். விளையாட்டு வீரர் என்று அவரை எவனும் சந்தேகப்பட முடியாது.

எழுதியதை அன்றைக்கன்றைக்கு என் கொழுந்தியாள் வாசிப்பாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், எங்களோடுதான் இருக்கிறாள். என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவளைப் போலக் கேட்கிறவளை நான் பார்த்ததில்லை. என் வேலைக் கால்சட்டையின் முழங்காலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்பாள். கதை பிடிக்காவிட்டால் ஊசியை நிறுத்துவாள்.

"மாமா, இந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்காளா?" என்றாள் கொழுந்தியாள்.

"இன்னும் வைக்கலை."

"அது என்ன, திருகாணியா, அப்புறம் வைக்கிறதுக்கு?"

"வைக்காதீங்க," என்றாள் என் மனைவி. "பாவம், எவளோ ஒருத்தி நிம்மதியா இருக்கட்டும்."

3

இனி லிஃப்ட்காரரின் கதை. கவனமாகப் படியுங்கள், அடிக்கடி நின்றுபோகும்.

அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு நெஞ்சு டாக்டர். ஒருநாள் லிஃப்டில் ஏறியவர், புதிதாக வாங்கிய விரல் கிளிப்பைச் சரிபார்க்க லிஃப்ட்காரரின் விரலில் மாட்டினார். இரண்டாம் மாடியில் நாற்பத்து மூன்று. நான்காம் மாடியிலும் நாற்பத்து மூன்று. லிஃப்ட்தான் ஏறியது, எண் ஏறவில்லை.

"நீ ஓடுவியாப்பா?"

இந்த இடத்தில் லிஃப்ட்காரர் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் லிஃப்டுக்குள் கட்டட முதலாளியும் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சு நின்றுபோகக்கூடியவனிடம் ஏழு மாடி லிஃப்டை எந்த முதலாளி ஒப்படைப்பார்? லிஃப்ட்காரர் சொன்னார்: "ஓடுவேன் சார். நிறைய ஓடுவேன்."

"அப்போ இது வீரனோட நெஞ்சு!" என்றார் டாக்டர்.

ஒரே எண். ஓடுகிறவனுக்கு அது பதக்கம், ஓடாதவனுக்கு அதுவே நோய். ஒரு பொய்யில் அவருக்கு நோய் தீர்ந்துபோயிற்று. இவ்வளவு மலிவான வைத்தியம் உலகத்தில் கிடையாது. (இந்த யோசனையை நான் எனக்கும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டேன். மறைப்பானேன்.)

பக்க விளைவு மறுநாள் வந்தது. முதலாளி அவருக்கு ஓட்டக் காலணி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தெருவிலுள்ள கட்டடங்களுக்கு இடையே ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்களாம். எதிர்க்கட்டடத்துக் காவலாளிதான் எப்போதும் ஜெயிப்பானாம். "இந்தத் தடவை அவன் முகத்துல கரியைப் பூசுறோம்" என்றார்.

லிஃப்ட்காரருக்கு லிஃப்டை விட்டு வர நேரமில்லை. எனவே லிஃப்டுக்குள்ளேயே ஓடிப் பழகினார். நின்ற இடத்தில் கால்மாற்றிக் கால்மாற்றி. அதைப் பார்த்த மூன்றாம் மாடிக் கணக்கர்கள், லிஃப்டில் இனி இப்படித்தான் வரவேண்டும் என்று புதுச் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் ஓடினார்கள். அவர்களைப் பார்த்து ஆறாம் மாடி வக்கீல், கட்சிக்காரரோடு ஓடினார். லிஃப்ட் குலுங்குகிறதே என்று பழுது பார்க்க வந்தவரும், உள்ளே எல்லாரும் ஓடும்போது தான் மட்டும் நிற்பது மரியாதையாக இருக்காது என்று ஓடினார். எல்லார் நெஞ்சும் படபடத்தது. லிஃப்ட்காரருக்கு நாற்பத்து நான்கு.

எனக்கே ஆத்திரமாக வந்தது. எப்படியாவது இந்த ஆளின் நெஞ்சை எழுப்பிவிடவேண்டும் என்று லிஃப்டை நடுவழியில் நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். புகை விட்டேன். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே ஒரு பாம்பை விட்டேன்.*

அவர் பாம்பைப் பார்த்து, "எந்த மாடி?" என்றார்.

* லிஃப்டுக்குள் பாம்பு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அது நான்காம் மாடியில் இறங்கிவிட்டது. பொத்தானை அழுத்த அதற்குக் கை இல்லை என்பதால் அவரே அழுத்தினார்.

4

முடிவுதான் வரவில்லை. மூன்று எழுதிவைத்தேன்.

முதல் முடிவு. விசில் ஊதுகிறார்கள். எல்லாரும் பாய்ந்து ஓடுகிறார்கள். லிஃப்ட்காரரின் நெஞ்சு அந்தச் சத்தத்தைக் கேட்டு, யோசித்து, காலுக்குத் தகவல் அனுப்புகிறது. அவர் கிளம்பும்போது அங்கே பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் முடிவு. ஓடும் பாதை வட்டம். கடைசியாக வருகிறவரும் முதலில் போகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், கண்ணாடி மறந்து வந்த நடுவர் கோப்பையை லிஃப்ட்காரரிடம் கொடுத்துவிடுகிறார்.

கொழுந்தியாள் இந்த இரண்டையும் சிரித்துச் சிரித்துப் படித்தாள். பிறகு தாளை விளக்குப் பக்கம் சாய்த்தாள்.

"அது வேண்டாம், அடிச்சிருக்கேன் பாரு," என்றேன்.

"அடிச்சா என்ன மாமா, தெரியுதே. நீங்க அடிக்கிறதெல்லாம்தான் நல்லா இருக்கும்."

படித்துவிட்டாள். எழுத்துக் கூட்டப் பழகியபோது, அடித்தால் படிக்க முடியாதபடி அடிக்கப் பழகாமல் போனேன்.

[மூன்றாம் முடிவு. அடிக்கப்பட்டது: லிஃப்ட் நின்றது. அவர் நெஞ்சு அடுத்த துடிப்புக்கு வரவில்லை. நகத்துக்குள் சிமெண்ட் இருக்கிறது என்று நர்சம்மா பஞ்சால் துடைத்த அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கவேண்டும். இப்போது கதவு மூடியிருக்கிறது, இனிமேல் யாரிடம் போய்]

அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

ஊசி நின்றது.

"லிஃப்டுல உக்கார்ந்து பொத்தான் அழுத்துற ஆளு," என்றாள் என் மனைவி மெதுவாக. "அவரு நகத்துல சிமெண்ட் எப்படிங்க வந்துச்சு?"

பாம்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. லிஃப்டுக்குள் ஊர்கூடி ஓடியதைப் பற்றிக் கேட்கவில்லை. சிமெண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டடம் புதுசு..." என்று இழுத்தேன்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன்.

"எத்தனை நாளா?"

"போன மாசம் முகாம் போட்டாங்கல்ல, அன்னைக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கால்சட்டையைத் தூக்கி என்மேல் எறிந்தாள். "ஒரு மாசமா அந்த லிஃப்ட்காரருக்காக நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்! சோத்துல கையை வெச்சா அவரு ஞாபகம் வருது! யாரோ ஒரு ஆம்பிளையை நெனச்சு உருகுறோமேன்னு எனக்கே வெட்கமா இருந்துச்சு. கடைசியில அது நீங்களா?"

"அக்கா, முதல்ல எண்ணிப் பாரு," என்றாள் கொழுந்தியாள், கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு.

என் மனைவி காதை என் நெஞ்சில் வைத்தாள். "ஒண்ணு. ரெண்டு. இத்தனை வருசம் குடும்பம் நடத்தி, மூணு, என்கிட்ட ஒரு வார்த்தை, நாலு, அந்த நர்சுகிட்டச் சொல்லத் தெரியுது, அஞ்சு..."

"அவங்கதான் எங்கிட்டச் சொன்னாங்க."

"பேசாதீங்க, எண்ணிக்கை போகுது. தலை சுத்துதா?"

மேஸ்திரியிடம் மறைக்கலாம், நர்சம்மாவிடம் மறைக்கலாம். காதை என் நெஞ்சில் வைத்திருப்பவளிடம் எப்படி மறைப்பது? "சாயங்காலம் கொஞ்சம்," என்றேன்.

எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

5

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் கொழுந்தியாள். நடுவில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஓடிவிடுவேனாம். ஓடத் தெரியாததால்தானே இங்கே வந்திருக்கிறேன் என்றால் யாரும் கேட்பதாயில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். இரவெல்லாம் யோசித்துவைத்திருக்கிறேன். டாக்டர் கேட்பார். 'ஓடுவேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரமாதம் என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். நாளைக்கு மிஷின் பக்கத்தில் நிற்பேன். லிஃப்ட்காரருக்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா? எழுதிய கதையால் எழுதியவனுக்கு ஏதாவது ஒரு லாபம் வேண்டாமா?

லிஃப்ட்காரரைப் பந்தயக் கோட்டில் நிறுத்திவைத்திருக்கிறேன். விசில் வாயில் இருக்கிறது, ஊதவில்லை. அவருக்கு என்ன ஆகவேண்டும் என்று நான்

கூப்பிட்டுவிட்டார்கள்.

6

இது நான் சொல்லுறேன், என் தங்கச்சி எழுதுறா. அவரு உள்ள போயிட்டாரு. ஒருத்தர்தான் போகலாமாம். தாளை என் கையில குடுத்துட்டு, 'முடிவை நீயே பார்த்துக்கோ'ன்னுட்டுப் போறாரு. எனக்கு எழுத்தே தெரியாது, என் தலையில கட்டிட்டுப் போற முடிவைப் பாரு.

முடிவு என்னன்னா, அந்த லிஃப்ட்காரரு பந்தயத்துக்குப் போகலை. அவருக்கு இப்போ நான் ஒரு பொண்டாட்டி வெச்சுட்டேன். அவ விடலை.

ஏய், நான் இருமினதை எல்லாம் எழுதாதடி.

கதவு லேசாச் சாத்தினாப்புல இருக்கு. உள்ள பேசுறது சரியாக் கேக்கலை. டாக்டரு சிரிக்கிறாரு. இவரும் சிரிக்கிறாரு. டாக்டரைச் சிரிக்க வைக்கிற அளவுக்கு இவருகிட்ட உண்மை எதுவும் கிடையாதே. ஐயோ, அளக்கிறாருடி. ஓடுறேன், நீந்துறேன்னு அளந்துக்கிட்டு இருக்காரு. தலை சுத்துறதைச் சொல்லவே மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து ஒண்ணுமில்லையாம்னு சொல்லுவாரு, நானும் நம்பித் தொலைப்பேன்.

நீ எழுதிக்கிட்டு இரு. நான் போறேன்.

7

கொழுந்தியாள் எழுதுகிறேன். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "உள்ள போகக் கூடாதும்மா" என்று நர்ஸ் ஒருவர் அவள் பின்னால் ஓடுகிறார். உள்ளே இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் குரல் மட்டும் கேட்கிறது. அவளை இழுத்துக்கொண்டு வர ஆள் வேண்டும், அல்லது அவளுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். எது என்று உள்ளே போனால்தான் தெரியும்.

வாசிக்கிறவரே, உங்களை எனக்குத் தெரியாது. மாமா உங்களிடம் நிறையப் பேசியிருக்கிறார் போலிருக்கிறது. இந்தத் தாள்களைக் கொஞ்சம் பிடியுங்கள். பேனா மேலே இருக்கிறது, எழுதும். பெஞ்சில் எங்கள் மூன்று பேர் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வந்து கேட்டாலும் ஆள் வருகிறது என்று சொல்லுங்கள்.