சட்டைக்குள் ஒளிந்த பேர்

சீனாவின் ஷென்ஜென் மின்னணுச் சந்தையில், சுவாங் குடும்பத்துக் கடை மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பவர் சப்ளை தொழிற்சாலையின் பொறியாளர் பெங், ஜப்பான் நிறுவனப் பெயர் அச்சிட்ட, குப்பி போன்ற கெபாசிட்டர் ஒன்றை, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகத்தை, பெரியவர் சுவாங்கிடம் நீட்டினாள்.

"உங்க கடைச் சரக்குதான், பெரியவரே. இதைப் போட்ட பவர் சப்ளை எல்லாம் வெடிக்குது. போலி."

பெரியவரின் முதுகு இன்னும் விறைத்தது. "எங்க வம்சத்துல போலி வித்தவன் கிடையாதும்மா. அறுத்தே காட்டுறேன்."

"வேணாம்ப்பா, தேநீர் குடிங்க," என்றான் மகன் மிங்தா. அவன் முகம் வெளுத்திருந்தது.

"நீ சும்மா இருடா."

அறுத்தார். பெரிய குப்பிக்குள் சுண்டுவிரல் நகமளவில் இன்னொரு கெபாசிட்டர் இருந்தது. அதன்மேல் சுவாங் குடும்பம் சொந்தமாக நடத்தும் கெபாசிட்டர் ஆலையின் முத்திரை. பெங் அதைச் சோதனைக் கருவியில் மாட்டினாள். அந்தச் சின்னதில் அச்சிட்டிருந்த அளவைக் கருவி பிசகாமல் காட்டியது.

"உள்ள இருக்கிறது உங்க அசல் சரக்கு," என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மேல சட்டைதான் ஜப்பானோடது. சட்டையில போட்ட பெரிய அளவை இந்தச் சின்னது தாங்காமத்தான் வெடிக்குது."

பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நம்ம பேரை வெளியே போட உனக்கு அவ்வளவு வெக்கமா?"

பெங் நஷ்டத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் அவர். "இங்க குடும்ப மானமே போயிட்டிருக்கு."