அரை டம்ளர் பால்

பாஞ்சாலி அந்தப் பொடியை ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, கேழ்வரகு டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். 'அமுக்கரா சூரணம்' என்று அச்சடித்திருந்த உறையை அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். அவள் செய்த தப்பு இவ்வளவுதான். வேறெதுவும் இல்லை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சித்திரையோடு மாதவிலக்கு நின்றுபோனது. அன்றைக்கே தூக்கமும் போனது. மழை பெய்கிற நாளிலும் திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் யாரோ வைக்கோலைக் கொளுத்தினாற்போல் எரியும், பாய் நனைந்துவிடும். கூடவே காரணமில்லாத பயம். மகன் டில்லிபாபு அரக்கோணத்தில் ஒரு காண்டிராக்டரிடம் ரயில்வே வேலை பார்த்தான். ராத்திரி அவன் திரும்பி வருகிற ஏழு பத்து ரயில் பத்து நிமிஷம் தாமதமானால், அவன் தண்டவாளத்தில் கிடப்பது போலவே அவளுக்குக் கண்ணில் தெரியும். குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"ஏமே, பேயாட்டம் உக்காந்துகினு இன்னாத்த பாக்கற? லைட்ட அமத்திட்டுப் படு" என்பான் புருஷன் கஜபதி. ஒரு வாரம் அவனுக்கும் தூக்கம் கெட்டதும், கே.ஜி.கண்டிகையிலிருந்து வண்டியில் உட்கார வைத்து திருத்தணிக்கு சித்த வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போனான். ஷோபனா டாக்டர் இளவயசு. நாடி பார்த்தாள், ரத்தமும் எடுக்கச் சொன்னாள். வெளியே நின்றிருந்த கஜபதியை உள்ளே கூப்பிட்டு நீல ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"இது பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. மாதவிலக்கு நிக்கிற காலத்துல நெறைய பேருக்கு இப்படித்தான் தூக்கம் போகும், படபடப்பு வரும். நீங்க திட்டாம இருந்தா அதுவே பாதி மருந்து. இந்தப் பொடிய ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் பால்ல கலந்து குடிக்கட்டும். ஒரு நாள்ல கேக்காது. விடாம குடிக்கணும். புரியுதுங்களா?"

"ஆங், புரியுதுங்க" என்று கஜபதி தலையாட்டினான்.

ஒளிப்பானேன் என்று கேட்கலாம். அவள் வெட்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் மருமகள் மோனிஷா. பொதட்டூர்பேட்டை தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றுமில்லை. எதிர்வீட்டு கௌரியம்மாள் வேறொரு வீட்டைப் பற்றிக் குழாயடியில் சொல்லிச் சிரித்ததைப் பாஞ்சாலி காதால் கேட்டிருக்கிறாள்: "மாமியாளுக்கு நின்னுபோச்சாம், மருமவளுக்கு நிக்கவே மாட்டேங்குதாம். இன்னா வூடோ!" அந்தச் சிரிப்பு தன் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்றுதான் உறையைக் கொளுத்தினாள்.

ஒருநாள் டில்லிபாபு மழையில் தொப்பலாக நனைந்து வந்தான். பாஞ்சாலி சமையற்கட்டில் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இன்னா குடிக்கற?"

"ஒடம்பு வலிக்குதுடா. தெம்புக்கு. இந்தா, நீயும் பாதி குடி."

மறுநாளும் அவனாகவே வந்து கேட்டு வாங்கிக் குடித்தான். அரை டம்ளர் அவனுக்கு, அரை டம்ளர் அவளுக்கு. மகனோடு பங்கு போட்டுக் குடித்து எத்தனையோ வருஷமாயிற்று என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

அந்த வாரத்தில்தான் டில்லிபாபு பேச்சு மாறினான். அரக்கோணத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வைத்திருந்தான். தனிக்குடித்தனம் போய்விடலாம் என்று மோனிஷாவுக்கு வாக்கும் கொடுத்திருந்தான்.

"சாவி வாங்கியாறேன்னு சொன்னியே, இன்னாச்சு?"

"அம்மா மூஞ்சப் பாத்தியா மோனி? ஒடம்பு சரியில்ல. தை பொறக்கட்டும், போலாம்."

மோனிஷா அன்றிலிருந்து மாமியாரைக் கவனித்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு பாட்டிலை எடுத்து, ஒரு ஸ்பூன் பொடியைப் பாலில் போட்டு, மறுபடி ஒளித்து வைப்பதைப் பார்த்தாள். பொதட்டூர்பேட்டைக்குப் போன் போட்டாள்.

"பால்ல கலக்கறாளா? முதுகக் காட்டிகினா? அவனுக்கும் குடுத்தாளா?" என்று கேட்ட அம்மா கமலா, வேறெதுவும் கேட்கவில்லை. "போச்சுடி. உன் புருசனுக்கு மருந்து வெச்சிட்டா."

இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை ஒருவன் திடுக்கென்று பேச்சு மாறினால் இப்படித்தான் சொல்வார்கள். சோற்றிலோ பாலிலோ பச்சிலை கலந்து கொடுத்தால், கொடுத்தவள் காலையே சுற்றுவானாம். அந்த நேரம் பார்த்து டில்லிபாபுவுக்கு வயிறு கெட்டது. ஸ்டேஷன் வாசலில் தின்ற பிரியாணியை யாரும் நினைக்கவில்லை. மாநில எல்லைக்கு அந்தாண்டை, வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கிற ஒருவனிடம் மோனிஷாவும் கமலாவும் அவனை இழுத்துப் போனார்கள். அந்த ஆள் டில்லிபாபுவின் உள்ளங்கையில் இலைச்சாற்றை விட்டான். சாறு தயிராக உறைந்தது. உள்ளே மருந்து இருக்கிறதாம். யார் கையில் விட்டாலும் அது உறையத்தான் செய்யும் என்று அங்கே சொல்ல ஆளில்லை. எதையோ குடிக்க வைத்து வாந்தியெடுக்க வைத்து, நெல்லிக்காய் அளவு கறுப்பு உருண்டை ஒன்றைக் காட்டினான். டில்லிபாபு அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். அதன் பிறகு வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கமலா வந்தாள். கையில் கற்பூரப் பொட்டலம். ஆட்டோ வைத்து எல்லோரையும் திருத்தணி மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் முதல் படியில் நிறுத்தினாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன. கமலா கற்பூரத்தைப் படியில் வைத்துக் கொளுத்தினாள்.

"சம்மந்தி, நான் சண்ட போட வரல. இத்த கையால அணைச்சுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் பொடி என் மருமவன் வயித்துக்குள்ள போவலன்னு. சொல்லிட்டீங்கன்னா உங்க கால்ல வுழுந்துட்டு நான் பாட்டுக்குப் போய்கினே இருப்பேன்."

டில்லிபாபு அம்மாவின் கையையே பார்த்தான். அணைத்துவிட்டால் போதும், அவன் நம்பத் தயாராக இருந்தான். பாஞ்சாலிக்கும் அது தெரிந்தது. குனிந்தாள். கை பாதி தூரம் போய் நின்றது. பொய் சொல்வதானால் வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். முருகன் படியில் எப்படிச் சொல்வது?

"போச்சு" என்றாள். "ரெண்டு தபா. அரை அரை டம்ளர்."

"கேட்டியாடா?" கமலா மார்பில் அடித்துக்கொண்டாள். "பெத்தவ வாயாலயே வந்துடுச்சு!"

"அய்யோ, அது எனுக்குக் குடுத்த மருந்து. டாக்டரம்மா குடுத்தது. எனுக்கு மாசமாசம் வர்றது நின்னுபோச்சு. தூக்கமில்ல, நெஞ்சு அடிச்சுக்குது. அதுக்குக் குடுத்தாங்க."

படியோரத்துப் பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். டில்லிபாபுவின் முகம் சாணியை மிதித்தவன் முகம் போல ஆயிற்று.

"ம்மா! நடு ரோட்டுல இன்னா பேச்சு பேசற நீ?"

"நல்ல மருந்துன்னா டிரம்முக்குப் பின்னால எதுக்கு அத்தே ஒளிக்கணும்?" மோனிஷா முதல்முறையாக வாயைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உனக்காகத்தான்டி என்றால், ஏன் எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணின் வெறும் வயிற்றைப் பூக்கடைக்காரி முன்னால் பேச வேண்டியிருக்கும். பாஞ்சாலி பதிலை விழுங்கிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நீதான இட்டுகினு போன. சொல்லுய்யா. டாக்டரம்மா உன்கிட்டயுந்தான சொன்னாங்க?"

கஜபதி தோள்துண்டால் கழுத்தைத் துடைத்தான். சம்பந்தியைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், மேலே ஏறுகிற ஜனத்தைப் பார்த்தான்.

"எனுக்கு இன்னா தெரியும்? பொம்பளைங்க சமாச்சாரம். வண்டில கொண்டாந்து வுட்டேன். வெளிய நின்னுகினு இருந்தேன்."

பாஞ்சாலிக்கு அந்த நீல ஸ்டூல் கண்ணில் வந்து நின்றது. அதன் ஒரு கால் குட்டை. இவன் ஆடி ஆடி உட்கார்ந்து தலையாட்டியது வரை ஞாபகம் வந்தது.

"நைனாவுக்கே தெரியாதாமே" என்றான் டில்லிபாபு.

"நீ போய் டாக்டரம்மாவ கேளுடா. பொய்யா மெய்யான்னு தெரிஞ்சுடும்."

"எங்கம்மாவுக்கு நின்னுபோச்சாங்கன்னு நான் போய்க் கேக்கறதா? மானம் போறதுக்கா?"

கற்பூரம் தானாகவே எரிந்து தீர்ந்தது. யாரும் அணைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டி வந்தது. பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் ஏறின. பாஞ்சாலி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து மகனிடம் நீட்டினாள். வெறும் மோர், உப்பு போட்டது.

"வேணாம்மா. இப்பத்தான் குடிச்சேன்" என்றான். காலையிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை. மோனிஷா வண்டிக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா பார்க்கும்போதே வாங்கி அண்ணாந்து குடித்தான்.

பாஞ்சாலி பொடியை நிறுத்தவில்லை. தீர்ந்தபோது தனியாக பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். டாக்டர் சொன்னதுபோல சாயங்கால டீயையும் விட்டாள். ரெண்டாவது மாதம் தூக்கம் வந்தது. எரிச்சல் குறைந்தது. ஏழு பத்து வண்டி எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அதில் யாரும் வருவதில்லை.

"பாத்தீங்களா, மருந்து கேட்டுடுச்சு" என்றாள் ஷோபனா டாக்டர். "வீட்ல நல்லா பாத்துக்கறாங்களா?"

"ஆங், நல்லா பாத்துக்கறாங்க."

தூக்கம் போனது இப்போது கஜபதிக்கு. மகன் போன் எடுப்பதில்லை. இடது பக்கம் புரள்வான், வலது பக்கம் புரள்வான், எழுந்து பீடி பற்றவைப்பான். தை பிறந்து நாலைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவியவன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான். பாட்டில் இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது.

"ஏமே, அந்தப் பொடி மிச்சம் கீதா? எனுக்கும் ஒரு ஸ்பூன் பால்ல போட்டுக் குடேன். கண்ணே மூட மாட்டேங்குது."

பாஞ்சாலி பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"எந்தப் பொடி?"

"அதான்மே, டாக்டரம்மா குடுத்தாங்களே, பால்ல..."

"உனுக்கு இன்னா தெரியும்? நீ வெளிய நின்னுகினு இருந்த."

அவள் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். அவன் அடுத்த பீடியைப் பற்றவைப்பதற்குள் அவளுக்கு நல்ல தூக்கம்.