மூன்றாம் பக்கத்தில் பென்சில்

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வேம்புலி அண்ணன் ஒரு ரப்பரோடு கொண்டுவந்து கொடுத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அம்பத்தூரில் மழை தூறிய ஒரு மாலையில் நான்கு பேர்—’ மழை இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘என் மனைவி அகல்யா மார்ச்சில் இறந்தாள். ஐந்து நாள் காய்ச்சல்.’ இதில் திருத்த ஒன்றுமில்லை.

2
நான்கு பேரின் மேற்கத்திய இசைக்குழு: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. வயோலா வாசித்தவள் அகல்யா. செல்லோ வேம்புலி; அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. ஜூனில் மண்ணூர்பேட்டைப் பள்ளி ஹாலில் கச்சேரி. ஒரு போலந்துக்காரரும் ஒரு பிரிட்டிஷ்காரரும் எழுதிய இசை.*

இசைத்தாள்கள் நகரத்து நூலகம் ஒன்றில் இரவல் வாங்கியவை. திருப்பும்போது, ஒத்திகையில் எழுதிய பென்சில் குறிப்புகளை அழித்துத் தர வேண்டும். அது விதி.

* போலந்துக்காரரின் பெயரை அகல்யா மூன்று முறை சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வரவில்லை.

3
அகல்யாவின் இடத்தில் பவ்யா வாசித்தாள், அகல்யாவின் தாளை வைத்தே. ‘மூச்சு’ என்று எழுதியிருந்த இடங்களில் மூச்சு விட்டாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

முடிந்ததும் வந்தாள்.

“அண்ணா, மூணாவது பக்கத்துல ‘வாசலைப் பார்’னு அக்கா எழுதியிருந்தாங்க. பாத்தேன். யாருமே இல்ல. எதுக்குண்ணா அது?”

“தெரியலம்மா.”

தெரியும். அந்த இடத்தில் எட்டு எண்ணும்வரை வயோலாவுக்கு வேலை இல்லை. ஒத்திகை நாட்களில் அவளைக் கூட்டிப்போக நான் எப்போதும் தாமதமாகத்தான் வருவேன்.

(ஒரு கதாபாத்திரம் இதையெல்லாம் எழுதிவைக்குமா என்று சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. எழுதியிருக்கிறாள்.)

4
வேம்புலி அண்ணன் தாளைக் கொடுத்துப் பத்து நாளாகிறது. இன்று திரும்ப வந்தார்.

“இன்னா நைனா, இன்னும் முடியலியா? பத்து நாள்ல நான் ஒரு ரயில் பொட்டியவே கழட்டி மாட்டிருப்பேன்.”

“நீங்களே அழிங்கண்ணே.”

“அது எழுதுன கைய பாத்துகினு பக்கத்துல குந்திகினு இருந்தவன் நானு. என்னால ஆவாது.” மேஜையில் கிடந்த ரப்பரை என் பக்கம் நகர்த்தினார். “நாளைக்கு கடைசி நாளு. எம் பேர்ல வாங்கனது. குடுக்கலன்னா இனிமே ஒரு தாளும் தர மாட்டாங்கோ. அப்பறம் நாங்க நாலு பேரும் இன்னாத்த வாசிக்கிறது?”

போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எடுத்தேன். பென்சிலின் அழுத்தம் அதில் இல்லை.

5
பிரிட்டிஷ்காரரை முழுதாக அழித்துவிட்டேன். போலந்துக்காரரில் இரண்டு பக்கம் ஆயிற்று. மூன்றாவது பாக்கி.

முடிவு அ: அழிக்கிறேன். குழு தொடர்ந்து வாசிக்கிறது. பவ்யாவுக்குப் புதிய தாள் கிடைக்கிறது, அதில் அவள்—

முடிவு ஆ: தாள் தொலைந்துவிட்டது என்கிறேன். வேம்புலி அண்ணன் நம்புவதுபோல் தலையாட்டுகிறார். அவர் செல்லோ மூலையில்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அதைச் செய்கிறவன் நான்தான். களைப்பாக இருக்கிறது.

வேம்புலி அண்ணன் வெளி அறையில் காத்திருக்கிறார். தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. நீங்கள் அகல்யாவைப் பார்த்ததில்லை, உங்களால் முடியும். அழித்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம்.