கஞ்சி போட்டுத் துடைத்த வீடு

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கென்று என் மனைவி ரேணுகாதேவி எனக்குச் சில வேலைகளை ஒதுக்கியிருந்தாள். மாடித் தொட்டியைக் கழுவ வேண்டும், வைஃபையைச் சரிபார்க்க வேண்டும், வீட்டைத் துடைக்க வேண்டும், அவளது போனில் ஒரு லைவ் போட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த திட்டமோ ஒன்றே ஒன்று: தடித்த புத்தகம் ஒன்றோடு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டுக்கும் சமாதானமாக, வேலை செய்துகொண்டே அதைப் பற்றி ஒரு கதை எழுதுவது என்று தீர்மானித்தேன்.

லைவ் எதற்கு என்றால், மாலை நான்கு மணிக்கு ரேணுகா முதன்முதலாகச் சேலை விற்கப் போகிறாள். அவள் அண்ணன் சௌடப்பனுக்கு அருப்புக்கோட்டையில் துணிக்கடை. போன வாரம் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"ஒரு சேலையாச்சும் போகட்டும், நான் வாயத் தொறக்கல. போகலேன்னா மொத்தத்தையும் கடையில கொண்டாந்து போட்டுட்டு, நீயும் கல்லாவுல வந்து ஒக்காந்துரு."

"சரிண்ணே" என்றாள் ரேணுகா. அப்படி அவள் சுருக்கமாகப் பேசினால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

(வீட்டில் நாங்கள் பேசுவது கன்னடம். உங்களுக்காக ஊர்த் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் இவர்களுக்குக் காரம் இன்னும் கூடுதல்.)

2

இனிக் கதையின் தொடக்கம்.

"பாளையம்பட்டியில் வெயில் என்பது —" [வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாவது வரியில் மூடிவிடுவேன்.]

"துடைப்பானை எடுத்தபோது அவனுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது —" [அசைந்தது மத்தியானம் தின்ற புளிச்சோறு.]

எனக்கு ஒரு பழக்கம். மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டேனே தவிர, எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்துப் பார்ப்பேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து.

ரேணுகா தையல்காரரிடம் ரவிக்கை வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். தொட்டி முடிந்தது. வைஃபை முடிந்தது. போனை ஸ்டாண்டில் மாட்டி, 'நான் மட்டும்' என்ற இடத்தைத் தொட்டு லைவைத் தொடங்கிப் பார்த்தேன். ஓடியது. பிறகு நிறுத்தினேன். [இந்தப் பத்தியில் கொஞ்சம் பொய் இருக்கிறது. ஆனால் எழுதியபோது எனக்கு அது தெரியாது.]

அடுப்படியில் நீல வாளி இருந்தது. உள்ளே வெண்மையாக, கொழகொழவென்று, பன்னீர் வாசத்தோடு ஒரு திரவம். தரை துடைப்பதற்குக்கூட என்ன அருமையான மருந்தெல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கூடத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். தரை கண்ணாடி போல மின்னியது. எனக்கு ஒரு குதூகலம் வந்துவிட்டது. துடைப்பானோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்னொரு சுற்று. முன்பு எழுதிய வரிகளையும் உரக்கப் படித்தபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் கதைக்கு ஒரு புதிய முதல் வரி.

இந்த நாயகன்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இத்தனை அடக்கமான ஆள் லுங்கியோடு இப்படி ஆடுவானா? வாசகர் நம்புவாரா? வெட்டிவிடலாமா —

3

"ஏங்க. அப்படியே நில்லுங்க. ஆடாம."

வாசலில் ரேணுகா.

"என்னாச்சு?"

"பஸ்ஸுல பின்சீட்டு அக்கா போன நீட்டுது. 'இவுக உங்க வீட்டுக்காரருதான? அப்பப் புடிச்சுக் கதைய ஆரம்பிக்கிறாக, உள்ள போக மாட்டேங்குறாக'ன்னு கேக்குது. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. வீட்டுல வாயத் தொறக்காத மனுசன், போனுக்கு முன்னாடி இம்புட்டுப் பேசுறீகளே."

போனை எட்டிப் பார்த்தேன். நான் தொட்டிருந்தது 'எல்லோரும்' என்ற இடத்தை; நிறுத்தவும் இல்லை. கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. திருச்சுழியிலிருந்து அவள் சித்தி லிங்கம்மாள் எழுதியிருந்தார்: 'மாப்பிள்ள, மூலைய விட்டுட்டீக.' மல்லாங்கிணறுக்காரர் ஒருவர்: 'புளிச்சோறு வரி நல்லாருக்கு. மத்ததெல்லாம் வேணாம்.' (என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் நேர்மையானது இதுதான்.)

ரேணுகா லைவை நிறுத்த இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. பிய்த்து எடுத்தாள். பச்சக்.

"எதுல தொடைச்சீக?"

"நீல வாளியில இருந்த மருந்துல."

"அது சேலைக்குப் போடக் காய்ச்சுன ஜவ்வரிசிக் கஞ்சி. வாசத்துக்குப் பன்னீர் விட்டேன்."

தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான்.* அவள் என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி, சுவரில் சாயப் போய், சுவர் எட்டாமல், கால் ஒட்டியபடியே கூடத்தின் நடுவில் நின்று சிரித்தோம்.

* இந்த உண்மையை வெட்டிவிடும்படி என் தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

4

ஒருவழியாக லைவை நிறுத்தியபோது நாலு மணிக்கு அரைமணிகூட இல்லை. முடிவுகளை யோசித்தேன்.

(அ) அவன் ஓடிப்போய் ஜவ்வரிசி வாங்கி, காய்ச்சி, சேலைகளை நனைத்துக் காயப்போட்டு — [நம் வெயிலுக்கே அவ்வளவு வேகம் கிடையாது.]

(ஆ) கரண்டு போய்விடுகிறது. [கோழைத்தனமான முடிவு.]

(இ) யோசிப்பதற்குள் சௌடப்பன் போனில் வந்தார்.

"மச்சான், நல்லாத் தொடைக்கிறீக. கூட்டம் உங்க ஆட்டத்துக்கு வந்தது, சேலைக்கு இல்ல. கஞ்சியில்லாம சேல தொவண்டு கெடக்கும், எவன் வாங்குவான்? காலையில ஆட்டோ அனுப்புறேன், ஏத்தி விடுங்க."

பேசி முடித்ததும் ரேணுகாவிடம் சொன்னேன். புது ரவிக்கையில் கொக்கி மாட்டியபடியே கேட்டுக்கொண்டாள். இம்முறை 'சரி' என்று சொல்லவில்லை.

"நீங்க முந்தானையப் புடிங்க. ஒண்ணும் பேச வேணாம்."

5

நான்கு மணி. மத்தியானம் பார்த்த கூட்டம் அப்படியே வந்தது. 'அண்ணே, அடுத்த வரி?' 'அண்ணே, ஒரு சுத்து சுத்துங்க.' ஓர் ஓரத்தில் சௌடப்பனின் பெயரும் வந்து நின்றது.

ரேணுகா முதல் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்தாள்.

"கடையில கஞ்சி போட்டு நிமித்தி வச்சுருப்பாக. எடுத்து வந்து ஒரு தடவ நனைச்சாத்தான் துணி என்ன துணின்னு தெரியும். இதுல கஞ்சி இல்ல. எங்க கஞ்சி பூரா தரையில கெடக்கு. நெசவு எப்படியோ அப்படியே காட்டுறேன். இழை எங்கயாச்சும் வெலகியிருக்கான்னு பாத்துட்டு, சேலையப் பத்தி மட்டும் கேளுங்க."

கருத்துகள் நின்றுவிட்டன. யாரும் வெளியேறவில்லை. யாரும் எதுவும் எழுதவுமில்லை. மௌனத்தை நான் வாழ்நாள் முழுக்கப் புகழ்ந்து வந்திருக்கிறேன். இந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது ஒரு வாடிக்கையாளரை நானே புனைந்து, அவருக்கு ஒரு சேலையைக் கொடுத்து, சௌடப்பனின் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிடலாம். ரேணுகா விடமாட்டாள். 'எழுதியே விக்கிறதுன்னா நான் எதுக்கு நிக்கிறேன்' என்பாள்.

எனவே முந்தானையைப் பிடித்தபடி நிற்கிறேன். கத்திரிப்பூ நிறம், மஞ்சள் கரை. நீங்களும் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ஏதாவது கேளுங்கள்.