அஞ்சும் ஒண்ணும்

சொர்ணாம்பாளின் படிப்பைப் பற்றி யாரும் குறை சொல்லிவிட முடியாது. பெண்களை உபாத்தியாயினிகளாக ஆக்குவதற்குப் பாளையங்கோட்டையில் ஒரு போதனாமுறைப் பள்ளிக்கூடம் நடந்தது. 1912-ஆம் வருஷம் அதில் அவள்தான் முதல். வேளாளர் வீட்டுப் பெண், சின்ன வயதிலேயே தாலி இழந்தவள். "மூலையில உக்காந்து அழுவதுக்குப் பதிலா நாலு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கட்டும்" என்று அண்ணன் கைலாசம் ஊர் வாய்க்கு அஞ்சாமல் கொண்டுவந்து சேர்த்தான். அண்ணன் பட்ட பேச்சுக்கு ஈடாகவாவது முதலாவதாக வரவேண்டும் என்று அவளும் வைராக்கியமாகப் படித்தாள்.

அந்த வருஷம் தலைமை ஆசிரியை சாரம்மாள் புதிதாக ஒரு பாடம் வைத்தாள். குழந்தை எப்படி வளர்கிறது, தன்னைச் சுற்றி இருக்கிற மனுஷரை எப்படி அறிகிறது என்பது பாடம். புத்தகம் கிடையாது. ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

"உங்க வீட்டுப் பிள்ளையைப் பாக்கக் கூடாது. நம்ம பக்கத்துல ஒரு தெருப் பழக்கம் அடுத்த தெருவுல கிடையாது. பழகாத வீடாப் போய்ப் பாருங்க" என்றாள் சாரம்மாள்.

மேலப்பாளையத்திலிருந்து வந்து படித்த அக்தர் பானு, ஒரு தச்சர் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து, நாள் முழுக்க அந்தத் தாயோடு பேசிவிட்டு வந்தாள். சொர்ணாம்பாள் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் பிடித்தது ஆற்றங்கரை வயலை ஒட்டிய குடிசை ஒன்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தங்கத்தாயின் மகளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அந்தக் குடிசை வாசலை மிதிக்க அவளுக்கு மனசில்லை. எட்ட நின்ற பூவரச மரத்தடியோடு சரி. பிள்ளையின் பேரைக்கூடப் பண்ணைக் காரியஸ்தரிடம்தான் கேட்டுக்கொண்டாள். ஆறுமுகத்தாய் என்றார்.

பிள்ளை மண்ணில் குழி பறித்து விளையாடிக்கொண்டிருந்தது. "ஆறுமுகத்தாய்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. கையைத் தட்டினாள், சட்டென்று திரும்பிப் பார்த்தது. மறுநாளும் அதே கதைதான். காது கேட்கிறது, தன் பேர் தெரியவில்லை, ஆகவே புத்தி மந்தம் என்று முடிவு கட்டிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

இதெல்லாம் வெறும் பாடமாக இருந்திருந்தால் போகட்டும் என்று விடலாம். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த பாலர் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. வயல்பக்கத்துப் பிள்ளை ஒன்றை அதில் எடுக்க வேண்டும் என்பது சாரம்மாளின் ஆசை. தங்கத்தாய்க்கு அதைவிடப் பெரிய ஆசை. பள்ளிக்கூடத்தில் எடுக்காவிட்டால் மறுநாளே மாட்டுக்கொட்டில் கூட்டப் பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்று பண்ணை வீட்டில் உத்தரவாகியிருந்தது.

பார்த்துவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டிய நாளில் தங்கத்தாய் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நின்றாள். பிள்ளை முற்றத்து வேப்பமரத்தடியில் பழம் பொறுக்கப் போய்விட்டது. சொர்ணாம்பாள் எழுந்து நல்ல செந்தமிழில் அழகாகச் சொன்னாள். தாய்க்கு அதில் ஒரு வார்த்தைதான் புரிந்தது.

"மந்தமா? எம் பிள்ளையா?" என்று அவள் பதறிப்போனாள். "அப்படிச் சொல்லாதீய தாயி. அவளுக்கு எல்லாம் வெளங்கும். நான் வயலுக்குப் போனா தம்பியை அவதான் பாக்குதா."

"பிள்ளைக்கு என்ன வயசு?" என்று சாரம்மாள் கேட்டாள்.

தங்கத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சும் ஒண்ணும்" என்றாள்.

படிக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாய்க்கே எண்ணத் தெரியவில்லை, பிள்ளை எப்படி இருக்கும் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சொர்ணாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கணக்கு விளங்கிவிட்டது.

மருமகள் வாயில் மாமியார் பேர் வரக் கூடாது. ஆறு என்று சொன்னால் ஆறுமுகத்தாய் என்கிற மாமியார் பேரில் பாதி வந்துவிடும். அதனால்தான் அஞ்சும் ஒண்ணும். மாமியார் பேரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பேர் தாயின் வாயில் வராது, வீட்டில் வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இது என்ன ஊர் உலகத்தில் இல்லாத அதிசயமா? சொர்ணாம்பாளின் அப்பா பேர் தாணுமாலையன். அண்ணன் மகனுக்கும் அதே பேர். அண்ணன் பெண்சாதி பார்வதியம்மாள் அவனை ராசா என்றுதான் கூப்பிடுவாள், அந்தப் பேருள்ள சாமியைக்கூடச் சுசீந்திரத்துச் சாமி என்றுதான் சொல்வாள். எங்கள் மதினிக்கு எவ்வளவு மரியாதை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் இந்தச் சொர்ணாம்பாள்தான். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. தன் வீட்டில் நடந்தால் மரியாதை, குடிசையில் நடந்தால் மந்தம். குடிசைக்காரிக்கும் மாமியார் உண்டு, அந்த மாமியாருக்கும் மரியாதை உண்டு என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

சாரம்மாளுக்கு இது பிடிபடவில்லை. அவர்கள் வீட்டில் வேதாகமத்துப் பேராகப் பார்த்து வைப்பார்கள், தாராளமாகக் கூப்பிடுவார்கள்.

"சரி, வேத்தாள் கூப்பிட்டதுனால திரும்பாம இருந்திருக்கும். நீயே பேரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பினா இடம் அவளுக்குத்தான்" என்றாள்.

தங்கத்தாயின் முகம் செத்துப்போயிற்று. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, சொர்ணாம்பாளைத்தான் பார்த்தாள். நெற்றியில் திருநீற்றோடு நிற்கிற இந்த அம்மாளுக்காவது தெரியாமலா இருக்கும் என்று கெஞ்சுகிற பார்வை.

ஒரு வார்த்தை போதும். வேண்டாம் டீச்சரம்மா, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை பேர் முன்னால் முதலாவது மாணவி தலைகுனிவதா என்ற எண்ணமும் கூடவே வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

தங்கத்தாய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏ... ஆறுமுகத்தாயி!"

கூப்பிட்ட குரல் பாதியில் உடைந்தது. வேப்பமரத்தடியில் இருந்த பிள்ளை விருட்டென்று நிமிர்ந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை, ஆச்சிதான் வந்துவிட்டாளோ என்று தெருவாசல் கதவைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை என்றதும் மடியில் இருந்த பழத்தையெல்லாம் கொட்டிவிட்டு ஓடிவந்து தாயின் சேலையைப் பிடித்தது.

"எம்மா, ஆச்சி பேரையா சொல்லுத? ஆச்சி பேரை நீ சொல்லக் கூடாதுல்லா? பாவம்லா?"

தங்கத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெற்ற பிள்ளையின் முன்னாலேயே அவள் மானம் போயிற்று. சாரம்மாளுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது.

"இடம் உன் பிள்ளைக்குத்தான், நீ அழாத" என்று எழுந்து வந்தாள்.

பிள்ளைக்கு அந்த இடமெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. "ஏம்மா சொன்ன? சொல்லேன்" என்று சேலையை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சொர்ணாம்பாளுக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. போகவில்லை. வந்து பிள்ளையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க அம்மா மேல தப்பு இல்லம்மா. உன்னைய வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு நான் அவகிட்டக் கேக்கல. அதான் அவ சொல்லும்படி ஆயிட்டு."

பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீங்கதான ரெண்டு நாளும் எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல வந்து நின்னீய," என்றது. "கேட்டிருக்கலாம்லா?"