ஊமையாக்கிய வரி

போர்டில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறை வைத்ததே ஸ்டெஃபனிதான். பொறியியல் படித்து, செனாய் தொழிற்பேட்டையில் லிஃப்டுக்கான கட்டுப்பாட்டு போர்டு செய்யும் கம்பெனியில் நல்ல பெயர் எடுத்தவள். ஒரு மனுஷனை வரவழைக்க இப்படியா ஒரு காரியம் செய்வாள்? செய்தாள். ஏக்கம் தலைக்கேறிவிட்டால் படித்த படிப்பெல்லாம் பரண்மேல் ஏறிவிடும்.

அந்த மனுஷன் பிரெட்ரிக். முன்பு இதே மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன், அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். மாசாய் மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவர்கள் பெயரைச் சொல்லி முதல் திருமண ஓலையும் வாசித்துவிட்டார். மூன்று ஞாயிறு வாசித்தால் கல்யாணம். இரண்டாவது ஞாயிறு வருவதற்குள், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன ஸ்டெஃபனியின் அப்பா பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. பிரெட்ரிக் ஃபோன் அடித்தான், வாசலில் வந்து நின்றான், மெசேஜ் மேல் மெசேஜ் போட்டான். 'கொஞ்ச நாள் விடு' என்றுகூட அவள் ஒரு வரி எழுதவில்லை. அவன் காத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததை அவனிடம் சொன்னால்தானே அவனுக்குத் தெரியும்? மாதங்கள் போயின. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அழுது தீர்த்து அவள் நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்து நாற்காலி காலி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிடுவது?

அதற்காகத்தான் இந்தக் கோளாறு.

போர்டில் உள்ள சிப்புக்குள் இரண்டு கோர்கள், இரண்டு மூளைகள் மாதிரி. ஒன்று லிஃப்டின் மோட்டாரை ஓட்டும். மற்றது 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், முதல் கோர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி மொத்த போர்டையும் ஆரம்பத்திலிருந்து கிளப்பிவிடும். டீபக்கரை மாட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், முதல் கோரை நிறுத்தும் அதே நொடியில் இரண்டாவதையும் நிறுத்தியாக வேண்டும். டீபக்கரின் ஸ்கிரிப்டில் அதற்கென்று ஒரே ஒரு வரி. எழுதியவன் பிரெட்ரிக். அந்த வரிக்கு முன்னால் ஸ்டெஃபனி ஒரு ஹேஷ் குறியைத் தட்டினாள். ஹேஷ் போட்ட வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது; வரி ஊமையாகிவிட்டது. நிறுத்தும்போதெல்லாம் போர்டு தானே மறுபடி கிளம்பி, பார்க்க வேண்டியதை எல்லாம் துடைத்துப் போட்டது.

"அலமாக், திங்கக்கெழம லிஃப்ட்காரங்க போர்ட பாக்க வராங்கம்மா," என்று மேனேஜர் திருச்செல்வம் தலையில் கை வைத்தார். "பிரெட்ரிக்க கூப்பிட்டுக் கேளு லா. அவன் வச்ச செட்டப்புதான இது?"

"நீங்க சொன்னா கேக்குறேன் சார்," என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

ஃபோனில் விவரம் சொன்னாள். பிரெட்ரிக் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "சனிக்கெழம நேர்ல வரேன்," என்றான்.

சனிக்கிழமை அரைநாள் வேலைக்கு யாரும் ஜிமிக்கி போட்டுக்கொண்டு வருவதில்லை. ஸ்டெஃபனி போட்டுக்கொண்டு வந்தாள். பிரெட்ரிக் ஒரு கையில் ஹெல்மெட்டும், மறு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கோப்பியுமாக வந்தான்.

"சீனி கம்மி," என்று பையை அவளிடம் நீட்டினான்.

மறக்கவில்லையே! அவளுக்கு அங்கேயே கூத்தாட வேண்டும்போல் இருந்தது.

பழையபடி அவன் சொல்ல, அவள் தட்டினாள். நிறுத்தச் சொன்னான், நிறுத்தினாள். போர்டு திரும்பவும் கிளம்பியது.

"ஸ்கிரிப்ட தொற," என்றான்.

அவன் எதையும் தேடவில்லை. நேரே அந்த வரிக்குப் போனான். ஹேஷ் குறியை அழித்தான். "இப்ப நிறுத்து."

இரண்டு கோர்களும் ஒன்றாக நின்றன. எதுவும் அழியவில்லை.

"யாரு போட்டதுன்னு கேக்க மாட்டியா பிரெட்?"

"ஃபோன்லயே தெரிஞ்சிருச்சு ஸ்டெஃபி. இந்த வரி தானா ஊமையாவாது."

"தெரிஞ்சுமா வந்த?" சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை.

அவன் சிரிக்கவில்லை. டீபக்கர் கேபிளை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "வேற ஒண்ணு சொல்லணும். ஃபோன்ல சொல்ல மனசு வரல. நாளைக்கு நம்ம கோவில்ல எனக்கு ஓலை வாசிக்கிறாங்க. பொண்ணு பாசிர் கூடாங்ல நர்ஸா இருக்காங்க. நீ அம்மாவோட பூசைக்கு வருவ. திடீர்னு உன் காதுல விழக் கூடாதுன்னுதான் வந்தேன்."

கோப்பிப் பை அவள் மடியை ஜில்லென்று நனைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் பேசலன்னா, எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டியா?"

"எத்தன தடவ கேட்டேன் ஸ்டெஃபி."

"காத்திருந்திருக்கலாம்ல?"

"காத்திருந்தேன். எதுவரைக்கும்னு நீ சொல்லவே இல்ல." அவன் கண்ணும் கலங்கியிருந்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள்மீது அவளுக்கே வெறுப்பு வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்பா போன துக்கத்தில் அவள் நின்றுவிட்டாள். தான் நின்றால் அவனும் நிற்பான் என்று அவளாகவே எப்படித்தான் முடிவு செய்தாளோ!

"பாத்தியா? வந்தான், முடிச்சிட்டான்!" என்று திருச்செல்வம் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"முடிச்சிட்டாரு சார்," என்றாள்.

மறுநாள் பூசை முடிவில் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலை வாசித்தார். பிரெட்ரிக் பெயருக்குப் பின்னால் வேறு ஒரு பெயர். 'இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்' என்றார். ஸ்டெஃபனிக்கு ஒரு தடை தெரியும். ஆனால் ஒருத்தி அவனை இன்னும் விரும்புகிறாள் என்பதைத் திருச்சபை தடையாகச் சேர்ப்பதில்லை.

அம்மா அவள் பக்கம் சாய்ந்து, "அடுத்த ரெண்டு வாரமும் வேற கோவிலுக்குப் போலாமாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேணாம்மா. எங்க ஓலைதான் ஒரு தடவையோட நின்னுபோச்சு. இதாவது மூணு தடவையும் வாசிச்சு முடியட்டும்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. எல்லாரும் கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றார்கள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை.